ஆடும் உடல், ஆடாத படம்

கரகாட்டம் பார்த்திருப்பீர்கள். நையாண்டி மேளம் முழங்க, ஆடுபவரின் பாதம் துள்ளுகிறது, இடுப்பு வளைகிறது, உடல் சுழல்கிறது. ஆனால் தலைமேல் இருக்கும் கரகமோ தன் இடத்தை விட்டு நழுவுவதில்லை. 'எப்படி ஐயா இது?' என்று வியந்து நிற்கிறோம். அந்த வியப்புக்குள் ஓர் அறிவியல் வினா ஒளிந்திருக்கிறது. ஆடுகின்ற ஒன்றின் மேல் ஆடாத ஒன்றை நிறுத்துவது எப்படி?

இந்த வினாவை மேளக்காரர்களும் கரகாட்டக்காரர்களும் மட்டும் கேட்கவில்லை. போர் டாங்கி கட்டிய பொறியாளர்கள் கேட்டார்கள். திரைப்படம் எடுத்தவர்களும் கேட்டார்கள். சென்னைக்கு மேற்கே இந்த இரு தொழில்களும் ஒன்றுக்கொன்று அருகிலேயே நடக்கின்றன. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையம் இருக்கிறது. அதே ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. பூந்தமல்லியைத் தாண்டிச் சென்றால் செம்பரம்பாக்கத்தில் சினிமாப் படப்பிடிப்புத் தளம் இருக்கிறது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் புறப்படும் ஒரு மாணவர் ஒரே நாளில் இரண்டின் மதில்களையும் பார்த்து வந்துவிடலாம். இரண்டு மதில்களுக்குள்ளும் ஒரே வினாவுக்கு விடை தேடியிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. அந்த விடைகளின் வரலாற்றை இங்கே காண்போம்.

தலைக்குள் ஒரு கருவி

முதலில் ஒரு சிறு சோதனை. இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் விரைவாக ஆட்டியபடி படியுங்கள். எழுத்துகள் தெளிவாகவே தெரியும். இப்போது தலையை அசைக்காமல், பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்துகள் கலங்கிவிடும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நம் உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள். அவற்றுள் நிறைந்திருக்கும் நீர்மம் தலையின் திரும்பலை உணர்த்துகிறது. தலை வலப்பக்கம் திரும்பினால், அதே கணத்தில் கண்கள் இடப்பக்கம் திரும்புமாறு நரம்புகள் ஆணையிடுகின்றன. ஆகவே நாம் ஓடினாலும் உலகம் குலுங்குவதாகத் தோன்றுவதில்லை.

காமிராவுக்கு இந்தச் செவி இல்லை. அதைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தால், ஒவ்வோர் அடியும் திரையில் ஒரு குலுக்கலாகப் பதிகிறது. சிறிய காமிராவில் எடுத்த படத்தைப் பெரிய திரையில் காட்டும்போது அந்தக் குலுக்கலும் பெரிதாகிறது. பார்ப்பவருக்குத் தலைசுற்றல் வருவதும் உண்டு.

முக்காலியும் தண்டவாளமும்

சினிமாவின் தொடக்க காலத்தில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. 1895இல் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் படம் காட்டியபோதும், 1910களின் பிற்பகுதியில் சென்னையில் நடராஜ முதலியார் தென்னிந்தியாவின் முதல் கதைப்படமாகிய 'கீசக வதம்' எடுத்தபோதும், காமிராவைக் கைப்பிடி கொண்டு சுற்ற வேண்டியிருந்தது. நொடிக்கு இரண்டு சுற்று. அதாவது ஏறத்தாழ 16 படங்கள். சுற்றுகின்ற கையே காமிராவை ஆட்டும் என்பதால் கனமான முக்காலி இன்றியமையாததாயிற்று.

கையில் பிடித்தே படமெடுக்க வேண்டும் என்று முதலில் முயன்றவர்களுள் ஒருவர் போலந்து நாட்டுப் பொறியாளர் கசிமிர் புருஷின்ஸ்கி. 1910இல் அவர் காப்புரிமை பெற்ற 'ஏரோஸ்கோப்' காமிரா அழுத்தக் காற்றினால் ஓடியது. ஆகவே கைப்பிடி சுற்ற வேண்டியதில்லை. அதனுள் ஒரு சுழலியையும் அவர் வைத்தார். விரைந்து சுழலும் பம்பரம் தன் அச்சை மாற்றிக்கொள்ள மறுக்கும் அல்லவா? அந்தப் பிடிவாதத்தையே காமிராவின் ஆட்டத்தை அடக்கப் பயன்படுத்தினார். காட்டு விலங்குகளைப் படமெடுத்தவர்களும் முதல் உலகப் போரைப் படமெடுத்தவர்களும் அக்காமிராவைப் பயன்படுத்தினார்கள். புருஷின்ஸ்கி 1945இல் நாஜிகளின் மவுத்தாசன் சிறைமுகாமில் உயிரிழந்தார்.

ஸ்டூடியோக்கள் வேறு வழியில் சென்றன. இத்தாலிய இயக்குநர் பாஸ்த்ரோனே தமது 'கபீரியா' (1914) படத்தில் காமிராவைச் சக்கரப் பலகையின் மேல் ஏற்றி நகர்த்தினார். அந்தச் சக்கரப் பலகைதான் இன்றைய ட்ராலி. பேசும் படம் வந்த பின் காமிராவின் ஓசையை அடக்கக் கனத்த உறை தேவைப்பட்டது. அதனால் ஸ்டூடியோ காமிராவின் எடை ஏறிக்கொண்டே போயிற்று. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் தண்டவாளம் போட்டு, ட்ராலி வைத்து, அதை ஓரிருவர் தள்ள, இன்னொருவர் காமிராவை இயக்குவது பழக்கமாயிற்று. வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆரிபிளெக்ஸ் போன்ற இலேசான காமிராக்கள் வந்தபோது தோளில் வைத்து எடுப்பதும் எளிதாயிற்று. ஆனால் குலுக்கல் மட்டும் போகவில்லை.

தண்டவாளம் போட முடியாத இடங்கள் பல. மாடிப்படி, வயல் வரப்பு, சந்தைக் கூட்டம், குறுகிய சந்து ஆகியவற்றில் ட்ராலி செல்லாது. போட முடிந்த இடத்திலும், காட்சியின் வீச்சு விரிந்தால் தண்டவாளமே படத்தில் விழுந்துவிடும். மனிதன் செல்லும் இடமெல்லாம் காமிராவும் குலுங்காமல் செல்ல வேண்டும் என்ற ஆசை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆசையாகவே இருந்தது.

ஆவடி கண்ட விடை

இதற்கிடையில் வேறொரு துறையில் விடை பிறந்துவிட்டது. மேடு பள்ளத்தில் ஓடும் டாங்கியிலிருந்து சுட்டால் குண்டு எங்கோ போகும். பீரங்கிக் குழல் ஒரு பாகை சாய்ந்தால் போதும், ஒரு கிலோமீட்டர் தொலைவில் குறி 17 மீட்டருக்கு மேல் விலகிவிடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 'ஷெர்மன்' டாங்கியில், குழலின் மேல்-கீழ் ஆட்டத்தை மட்டும் அடக்கும் சுழலிக் கருவி இருந்தது. போருக்குப் பின் பிரிட்டனின் 'செஞ்சூரியன்' டாங்கியில் இடம்-வலம் ஆட்டத்தையும் அடக்கினார்கள். 1965ஆம் ஆண்டுப் போரில் நம் இராணுவம் பயன்படுத்திய டாங்கிகளுள் செஞ்சூரியனும் ஒன்று.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டு அங்கே கட்டிய முதல் 'விஜயந்தா' டாங்கி 1965 டிசம்பரில் வெளிவந்தது. அதன் 105 மில்லிமீட்டர் பீரங்கி இரு அச்சுகளிலும் நிலைநிறுத்தப்பட்டது. அதாவது, சுழலிகள் குழலின் திரும்பலை உணர்கின்றன. மின்மோட்டார்கள் உடனே எதிர்த்திசையில் திருப்புகின்றன. வண்டி குதித்தாலும் குழல் குறியை விட்டு நகர்வதில்லை. இது நம் தலைக்குள் இருக்கும் அரைவட்டக் குழல்களும் கண்தசைகளும் செய்யும் அதே வேலைதான். 1976இல் ஆவடியில் நிறுவப்பட்ட போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் 'அர்ஜுன்' டாங்கியை வடிவமைத்தபோதும் நிலைநிறுத்தல் முக்கியமான பணிகளுள் ஒன்றாக இருந்தது.

அப்படியானால் அதே முறையைக் காமிராவுக்கும் பொருத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, எடை. அக்காலச் சுழலியும் மோட்டாரும் மின்கலமும் டாங்கிக்குப் பாரமில்லை. மனிதனுக்குப் பெரும் பாரம். ஹெலிகாப்டரிலும் வண்டியிலும் பொருத்துவதற்கு இத்தகைய தாங்கிகள் வந்தன, நடப்பவருக்கு வரவில்லை.

இரண்டாவது தடை நுட்பமானது. ஒரு பொருள் ஆறு வகையில் அசையலாம். மூன்று திசைகளில் இடம் பெயரலாம். மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். பீரங்கிக்குத் திரும்பல் மட்டுமே பகை. குழல் திரும்பாமல் பத்து சென்டிமீட்டர் மேலே ஏறினால், குறியும் பத்து சென்டிமீட்டர்தான் ஏறும். காமிராவின் நிலை வேறு. இரண்டு மீட்டர் தொலைவில் நிற்கும் நடிகரைப் படமெடுக்கும்போது காமிரா ஐந்து சென்டிமீட்டர் ஏறி இறங்கினால், ஏறத்தாழ ஒன்றரைப் பாகை திரும்பியதற்குச் சமமான ஆட்டம் திரையில் தெரியும். எனவே காமிராக்காரர் ஆறு அசைவுகளையும் அடக்க வேண்டும்.

பிலடெல்பியாவின் படிக்கட்டு

இந்த ஆறையும் மோட்டார் இல்லாமலே அடக்கியவர் காரெட் பிரவுன் என்ற அமெரிக்கர். 1942இல் பிறந்த இவர் பிலடெல்பியா நகரில் சிறிய அளவில் விளம்பரப் படங்கள் எடுத்து வந்தார். கனத்த ட்ராலியை இழுத்து அலுத்துப்போய், 1970களின் தொடக்கத்தில் மாற்று வழி தேடினார். குழாய்களையும் எடைகளையும் இணைத்துப் பல மாதிரிகள் செய்து பார்த்தார். முதல் மாதிரிகள் வேலை செய்தன. ஆனால் சுமக்க முடியாத அளவு கனத்தன. பிறகு பாரத்தைக் கையிலிருந்து உடலுக்கு மாற்றும் சுருள்வில் கை அமைந்தது.

தம் கருவியின் திறமையைக் காட்ட, வேறு எந்தக் கருவியாலும் எடுக்க முடியாத சுமார் முப்பது காட்சிகளை அவர் படமெடுத்தார். அவற்றுள் ஒன்றில், பிலடெல்பியா கலைக் கூடத்தின் 72 படிகளில் ஒரு பெண் இறங்கி ஓடி மீண்டும் ஏறுகிறாள்; காமிரா மிதப்பது போல அவளைத் தொடர்கிறது. கலிபோர்னியாவின் 'சினிமா புராடக்ட்ஸ்' நிறுவனத் தலைவர் எட் டிஜூலியோ அதைக் கண்டு கருவியைத் தயாரிக்க முன்வந்தார். 'ஸ்டெடிகாம்' என்ற பெயர் நிலைத்தது. இயக்குநர் ஜான் அவில்ட்சனும் அப்படத்தைப் பார்த்தார். அதே படிக்கட்டில் குத்துச்சண்டை வீரர் ஓடி ஏறும் காட்சி 'ராக்கி' (1976) படத்தில் இடம்பெற்றதை உலகம் அறியும்.

அதற்கு முன்பே 'பவுண்ட் பார் குளோரி' படத்தில் பிரவுன் ஒரு துணிச்சல் செய்தார். உயரமான கிரேனில் கருவியுடன் நின்றார். கிரேன் தரையிறங்கியதும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கி, கூட்டத்தின் நடுவே நடந்தார். கிரேனில் தொடங்கிய காட்சி வெட்டே இல்லாமல் நடையில் தொடர்ந்தது. அப்படத்தின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. 1978இல் பிரவுனுக்கும் தயாரிப்புக் குழுவினருக்கும் இக்கருவிக்காகவே ஆஸ்கர் வழங்கினார்கள்.

மூன்று உறுப்புகள்

இக்கருவியில் மூன்று உறுப்புகள் உள்ளன.

முதலாவது, காமிராவைத் தாங்கும் நீண்ட தண்டு. உச்சியில் காமிரா, அடியில் மின்கலமும், காட்சியைப் பார்க்கும் சிறு திரையும். கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது நீண்ட மூங்கிலை ஏன் ஏந்துகிறார்? பாரம் நடுவிலிருந்து விலக விலக, பொருளைத் திருப்புவது கடினமாகிறது. தொலைவு இரண்டு மடங்கானால் இந்த எதிர்ப்பு நான்கு மடங்காகும். இதையே நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். தண்டின் இரு முனைகளிலும் எட்டு எட்டு கிலோ இருப்பதாகக் கொள்வோம். நடுவிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்த பாரங்களை 45 சென்டிமீட்டருக்குத் தள்ளினால், எடை ஒரு கிராம்கூடக் கூடாமலே எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகிறது. இந்தத் தண்டை நிறைமையத்துக்குச் சற்று மேலே மூவச்சு வளையம் ஒன்று பற்றியிருக்கிறது. அவ்வளையம் உராய்வின்றித் திரும்புவதால், தாங்குபவரின் சாய்வு தண்டுக்குச் செல்வதில்லை. மூன்று திரும்பல்களும் இவ்வாறு அடங்கின.

இரண்டாவது, சுருள்வில் கை. நம் மேற்கையும் முன்கையும் போல இரண்டு இணைகரச் சட்டங்கள். உள்ளே வலிய சுருள்வில்கள். மேசை விளக்கு ஒன்றை எந்த உயரத்துக்கு இழுத்து விட்டாலும் அங்கேயே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனின் ஜார்ஜ் கார்வர்டைன் 1930களில் வடிவமைத்த விளக்கு அது. அவர் மோட்டார் வண்டிகளின் சுருள்வில் தாங்கிகளில் தேர்ந்தவர். ஸ்டெடிகாமின் கையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பாரத்தின் எடைக்கு ஈடான மேல்நோக்கு விசையை அது எல்லா உயரத்திலும் தருகிறது. நடப்பவர் ஏறி இறங்கினாலும் தண்டு மிதந்தபடி செல்கிறது. இவ்வாறு இடப்பெயர்ச்சியும் அடங்கியது.

மூன்றாவது, மார்புக் கவசம் போன்ற சட்டை. பாரம் முழுவதையும் அது இடுப்பிலும் முதுகிலும் இறக்குகிறது. இயக்குபவரின் ஒரு கை, கருவியை வேண்டிய இடத்துக்குக் கொண்டு செல்கிறது. மற்றொரு கையின் விரல் நுனிகள் தண்டை மெல்லத் தொட்டுத் திருப்புகின்றன. காமிராவின் கண்ணாடியில் கண் வைப்பதே இல்லை. வைத்தால் தலையின் குலுக்கல் காமிராவுக்குத் தாவும்.

தலையாட்டிப் பொம்மை தரும் பாடம்

கருவியை வாங்கி மாட்டிக்கொண்டால் படம் குலுங்காமல் வந்துவிடுமா? வராது. ஒவ்வொரு காமிராவுக்கும், ஒவ்வொரு காட்சிக்கும், ஒவ்வோர் உடலுக்கும் ஏற்ப அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். தொழிலின் கடினமான பகுதி இதுதான்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்தால் எழுந்து நிற்கிறது. அடிப்பாரம் மிகுதி என்பதே காரணம். ஆனால் எழுந்தவுடன் நின்றுவிடுகிறதா? இல்லை, பலமுறை ஆடிய பிறகே நிற்கிறது. ஸ்டெடிகாமிலும் அடிப்பாரத்தைக் கூட்டினால் தண்டு நிமிர்ந்து நிற்கும். ஆனால் நடக்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஊசல் போல ஆடும். அடிப்பாரமே இல்லாவிட்டால் எது செங்குத்து என்று கருவிக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். அதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. தண்டைப் படுக்கை வாட்டில் பிடித்துக் கைவிட வேண்டும். அது செங்குத்தாக வந்து சேர இரண்டு முதல் மூன்று நொடி ஆனால் சரி என்பது பொதுவான வழக்கம். 20 கிலோ எடையுள்ள அமைப்பில், இதற்கு நிறைமையம் வளையத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கீழே இருந்தால் போதும். எவ்வளவு நுணுக்கமான கணக்கு என்று பாருங்கள்!

பிலிம் இருந்த காலத்தில் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. 400 அடிச் சுருள் நான்கரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். அதன் எடை ஏறத்தாழ 900 கிராம். காமிரா ஓட ஓட, பிலிம் முன்பெட்டியிலிருந்து பின்பெட்டிக்கு மாறுகிறது. இரு பெட்டிகளுக்கும் இடையே 15 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொண்டால், 20 கிலோ அமைப்பின் நிறைமையம் சுருள் முடிவதற்குள் ஏழு மில்லிமீட்டர் அளவு பின்னே நகரும். சின்ன அளவுதானே என்று தோன்றும். ஆனால் நிறைமையம் ஒரு சென்டிமீட்டர் மட்டுமே கீழே இருக்கும் தண்டு இதனால் 34 பாகை சாய்ந்துவிடும்! ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் இடையே தட்டை நகர்த்திச் சரி செய்வார்கள். அல்லது பாதிச் சுருளுக்குச் சமன் செய்து, மீதியை விரல்களால் தாங்குவார்கள். இரு சுருள்களும் அருகருகே ஓரச்சில் அமைந்த பெட்டியுள்ள காமிராவை விரும்பித் தேர்ந்ததற்கும் இதுவே காரணம்.

காட்சி தரைமட்டத்தில் இருந்தால் தண்டையே தலைகீழாக்கிக் காமிராவைக் கீழே கொண்டுவருவார்கள். ஸ்டான்லி கூப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தில், ஓட்டலின் நீண்ட நடைகளில் மூன்று சக்கர வண்டி ஓட்டும் சிறுவனைத் தரையை ஒட்டியே காமிரா பின்தொடர்கிறது. அதற்காகச் சக்கர நாற்காலியில் கருவியைப் பொருத்திச் செலுத்தினார்கள். 'ரிட்டர்ன் ஆப் தி ஜெடாய்' (1983) படத்தில் பிரவுன் வேறொரு தந்திரம் செய்தார். செம்மரக் காட்டில் மெல்ல நடந்தபடி நொடிக்கு ஒரு படத்துக்கும் குறைவாக எடுத்தார். அதை நொடிக்கு 24 படமாகத் திரையிட்டபோது, காட்டின் ஊடே பறப்பது போலத் தோன்றியது. இம்முறையில் சிறு குலுக்கலும் மும்மடங்கு, நான்மடங்கு அல்ல, பல மடங்கு விரைந்து தெரியும். கருவியின் சமநிலை எவ்வளவு செம்மையாக இருந்திருக்க வேண்டும்!

காற்று வீசும் கடற்கரையில் காமிராவும் தண்டும் பாய்மரம் போல ஆகிவிடும். மறைப்புப் பிடிக்க ஆள் வேண்டும். விறைப்பான மின்கம்பி ஒன்று தொங்கினாலும் சமநிலை கெடும். குவியம் திருத்துபவர் கருவியைத் தொடக்கூடாது. அதனால் வானொலி அலை மூலம் லென்ஸைத் திருப்பும் சிறு மோட்டார் வந்தது. வழுக்காத, தட்டையான காலணியும் இத்தொழிலில் ஒரு கருவியே.

சுமப்பவரின் கணக்கு

இவ்வளவும் காமிராவின் சமநிலை. இனி மனிதனின் சமநிலைக்கு வருவோம். படம் ஆடாமல் இருக்க யாரோ ஒருவருடைய முதுகு விலை கொடுக்கிறது.

தண்டும் கையும் சேர்ந்து 24 கிலோ. அது உடலின் நடுக்கோட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னே தொங்குவதாகக் கொள்வோம். அது உடலை முன்னே கவிழ்க்கப் பார்க்கும். விழாமல் நிற்க, சுமப்பவர் தம் நிறைமையத்தைப் பின்னே நகர்த்த வேண்டும். நெம்புகோல் விதிப்படி, 80 கிலோ எடையுள்ளவருக்கு 12 சென்டிமீட்டர் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 16 சென்டிமீட்டர் வேண்டும். ஒரே கருவிதான், ஆனால் மெலிந்தவருக்கு வளைவு அதிகம், வலியும் அதிகம். இப்போது அந்த 60 கிலோக்காரர் கருவியைப் பத்து சென்டிமீட்டர் அருகே கொண்டு வரட்டும். 30 சென்டிமீட்டரில் அவருக்கும் 12 சென்டிமீட்டரே போதும்! பத்து சென்டிமீட்டர், இருபது கிலோ உடல் எடைக்கு ஈடாகிவிட்டது.

நல்ல உயரமுள்ள அமெரிக்கர் ஒருவர் தமக்காகச் செய்த கருவியை நம் ஊர் இளைஞர் சுமக்கும்போது இந்தக் கணக்கு உயிர் பெறுகிறது. சட்டையின் தோள்பட்டி நீளமாக இருந்தால் பாரம் இடுப்பில் இறங்காமல் தோளிலும் கீழ்முதுகிலும் தொங்கும். ஆகவே சட்டையை முதலில் உடலுக்கு அளந்து பொருத்த வேண்டும். சுருள்வில் கை இணையும் கோணத்தைத் திருகாணியால் திருத்த வேண்டும். இவற்றுக்குப் பின்பே காமிராவை ஏற்ற வேண்டும். கனடாவின் வால்டர் கிளாசன் பாரத்தை முதுகுப் பக்கமிருந்து தாங்கும் சட்டையை வடிவமைத்தார். மார்பை இறுக்காததால் மூச்சு விடுவது அதில் எளிது. காட்சி முடிந்தவுடன் கருவியை இறக்கி வைக்கத் தாங்கி ஒன்று அருகிலேயே இருக்க வேண்டும் என்பதும் எழுதப்படாத சட்டம். பின்னோக்கி நடக்கும்போது முதுகில் கை வைத்து வழிநடத்த ஒருவர் கட்டாயம் வேண்டும்.

2001 டிசம்பர் 23 அன்று ரஷ்யாவின் எர்மிதாஜ் அருங்காட்சியகத்தில் 'ரஷ்யன் ஆர்க்' படத்தை எடுத்தபோது, தில்மன் பியூட்னர் என்ற ஜெர்மானியர் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கருவியை இறக்காமலே நடந்தார். படம் முழுவதும் ஒரே காட்சி! பிலிமில் இது இயலாது. டிஜிட்டல் காமிராவும் வன்தட்டும் வந்ததால் இயன்றது. அதைச் சாதனையாகப் போற்றலாம்; அன்றாட அளவுகோலாகக் கொள்ளலாகாது.

திரைக் கருவிகள் மனிதரை எப்படி வருத்தும் என்பதை நம் பகுதியே கண்டிருக்கிறது. 2020 பிப்ரவரி 19 அன்று, செம்பரம்பாக்கம் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அது வேறு வகைக் கருவி. ஆயினும் பாடம் ஒன்றே. எந்தக் கருவியையும் அது தரும் படத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதன் அடியிலும் அருகிலும் நிற்கும் மனிதரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் திரைக்கு வந்த வரலாறு

இந்தியாவில் ஸ்டெடிகாமை முனைந்து பயன்படுத்திய தொடக்கப் படங்களுள் ஒன்று 1989இல் வெளிவந்த 'சிவா' என்னும் தெலுங்குப் படம். இயக்கியவர் ராம் கோபால் வர்மா, ஒளிப்பதிவு எஸ்.கோபால் ரெட்டி. தமிழில் அது 'உதயம்' என்ற பெயரில் வந்தது. துரத்தும் காட்சிகளில் காமிராவும் கூடவே ஓடியது கண்டு மக்கள் வியந்தார்கள்.

கருவி கப்பலில் வந்துவிடும். பழகிய உடல் அப்படி வராது. சமன் செய்யவும், நடக்கவும், விரல் நுனியால் திருப்பவும் பல மாதப் பயிற்சி வேண்டும். பயிற்சியின்றி மாட்டிக்கொண்டவருக்குப் படமும் கோணலாகும், முதுகும் கோணலாகும். ஆகவே இக்கருவியை வாடகைக்கு எடுக்கும்போது இயக்குபவரையும் சேர்த்தே அழைப்பது தொழில் வழக்கமாயிற்று. காமிராவை இயக்குவதில் ஒரு தனித்தொழிலே இவ்வாறு பிறந்தது.

டாங்கியின் வழி கைக்குள் வந்தது

கதையின் கடைசிப் பகுதி மீண்டும் ஆவடிப் பக்கம் திரும்புகிறது. டாங்கியில் இருந்த கனத்த சுழலிக்குப் பதிலாக, சிலிக்கான் வில்லையில் அதிரும் நுண்ணிய சுழலிகள் வந்தன. சில மில்லிமீட்டர் அளவேயுள்ள அவை இன்று பல கைப்பேசிகளில் இருக்கின்றன. இலேசான மோட்டார்களும் மலிந்தன. 2013இல் 'மோவி', 2014இல் 'ரோனின்' என்ற மின்னணு நிலைநிறுத்திகள் வெளிவந்தன. விஜயந்தாவின் பீரங்கியை நிறுத்திய அதே முறை, கையில் ஏந்தும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்று திருமண வீடுகளில் இளைஞர்கள் இவற்றை ஏந்தி நடப்பதைக் காணலாம்.

ஆனால் முன்பு சொன்ன ஆறு அசைவுகளை நினைவில் கொள்ளுங்கள். இந்த மோட்டார்கள் மூன்று திரும்பல்களை மட்டுமே அடக்குகின்றன. அடி வைக்கும்போது ஏறி இறங்கும் ஆட்டம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் கைக்கருவி பிடித்தவர் முழங்காலை மடக்கி, வாத்து நடை நடக்கிறார். இந்தக் குறையைத் தீர்க்க, பிரவுனின் சுருள்வில் கையையும் மோட்டார் முறையையும் இணைத்த 'டிரினிட்டி' என்ற கருவியை ஆரி நிறுவனம் 2016இல் கொண்டு வந்தது. பல பத்தாண்டுகளாகத் தனித்தனியே நடந்த இரண்டு வழிகள் அங்கே கூடின.

இன்று கருவி தேர்ந்தெடுக்கும் இளைஞர் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. என் காமிராவின் எடைக்கு இக்கருவி ஏற்றதா? நான் எடுக்கும் காட்சியில் அடக்க வேண்டிய அசைவு திரும்பலா, ஏற்ற இறக்கமா? என் உடல் இதை எத்தனை நேரம் தாங்கும்? முதல் இரண்டுக்கு விற்பவர் விடை சொல்வார். மூன்றாவதற்கு நாமேதான் விடை காண வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று. ஒரு மீட்டர் நீளக் கழியின் நடுவில் இரண்டு சிறு கற்களைக் கட்டி, நடுவில் பிடித்து இப்படியும் அப்படியும் விரைவாகத் திருப்புங்கள். பிறகு அதே கற்களைக் கழியின் இரு முனைகளிலும் கட்டித் திருப்பிப் பாருங்கள். உங்கள் மணிக்கட்டு உணரும் வேறுபாடுதான் கழைக்கூத்தாடியின் மூங்கிலிலும் காரெட் பிரவுனின் தண்டிலும் இருப்பது. அடுத்த முறை திரையில் காமிரா மிதந்து செல்லும்போது நாயகனை மட்டும் பார்க்காதீர்கள். படத்தில் தெரியாமல், பாரம் சுமந்து கூடவே நடக்கும் இன்னொருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.